தூண்டில் போடப் போறீங்களா? ராடை அப்புறம் பார்க்கலாம்... முதல்ல நரம்பைப் பாருங்க!

வைகையில் தண்ணீர் வந்துவிட்டால் மதுரைக்கே ஒரு களை வந்துவிடும். பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி வேடிக்கை பார்ப்பவர்கள் ஒரு பக்கம். சோழவந்தான், திருப்புவனம், மானாமதுரை என்று கரையோரம் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுபவர்கள் இன்னொரு பக்கம். பாண்டியர் கொடியில் மீன், ஊரை ஆளும் அம்மனின் பெயரில் மீன், சொக்கநாதரே வலை வீசியதாகத் திருவிளையாடல் கதை. மதுரைக்காரர்களுக்கு மீன் மேல் ஆசை வருவதில் ஆச்சர்யம் இல்லை.

முன்பெல்லாம் ஒரு மூங்கில் கம்பு, ஒரு தக்கை, டப்பா நிறைய மண்புழு இருந்தால் போதும். இப்போது செல்போனிலேயே ராடு, ரீல், முள் எல்லாம் சேர்ந்த ‘செட்’ ஆர்டர் செய்துவிடலாம். புதிதாக வருபவர்கள் ராடின் நீளம் என்ன, ரீல் எந்த கம்பெனி என்றெல்லாம் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். செட்டோடு சும்மா வரும் நரம்பை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், மீனுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் இருப்பது அந்த நரம்பு ஒன்றுதான். அது அறுந்தால் மீன் போவது மட்டுமல்ல. வாயில் முள்ளோடு ஒரு மீனும், பல மீட்டர் நைலானும் தண்ணீருக்குள்ளேயே தங்கிவிடும்.

அதனால் ஆற்றிலும் கண்மாயிலும் முதன்முதலாகத் தூண்டில் போடுகிறவர்கள் எந்த நரம்பை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம் என்று இந்த வாரம் பார்ப்போம்.

கடையில் இருப்பது மூன்றே வகை

ஒரு காலத்தில் தூண்டில் கயிறு என்பது பருத்தி நூல், பட்டு நூல், குதிரைவால் முடி. முள்ளுக்குப் பக்கத்தில் கட்ட, பட்டுப்புழுவின் உடலிலிருந்து உருவி எடுத்த இழையைப் பயன்படுத்தினார்கள். பட்டு நூலை ஒவ்வொரு முறையும் காயவைக்காவிட்டால் இற்றுப்போகும். 1935-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவன ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானைக் கண்டுபிடித்த பிறகு இந்தக் கதை மாறியது. இன்று பாக்கெட்டில் என்ன பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது மூன்று வகைகளில் ஒன்றுதான்.

1. நைலான் நரம்பு: ஒற்றை இழை. ‘மோனோ’ என்பார்கள். நம் ஊரில் ‘நரம்பு’ என்று கேட்டாலே இதைத்தான் எடுத்துத் தருவார்கள். மூன்றிலும் விலை குறைவு. இதன் பெரிய குணம், இழுத்தால் ரப்பர் போலக் கொஞ்சம் நீளும். மீன் திடீரென வெட்டி இழுக்கும்போது அந்த அதிர்ச்சியை நரம்பே வாங்கிக்கொள்ளும். நாம் பதற்றத்தில் வேகமாக இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். முடிச்சும் நன்றாகப் பிடிக்கும். குறை என்றால், வெயிலில் கிடந்து கிடந்து வலுவிழக்கும். ரீலில் பல நாள் சுற்றியே இருந்தால் சுருள் சுருளாக வரும்.

2. பின்னல் நூல்: ‘பிரெய்டு’ என்று கேட்டு வாங்குவது. மெல்லிய பாலிஎத்திலீன் இழைகள் நான்கையோ எட்டையோ பின்னிச் செய்தது. அதே வலுவுள்ள நைலானைவிட மிக மெலிசாக இருக்கும். கொஞ்சம்கூட நீளாது என்றே சொல்லலாம். அதனால் மீன் லேசாக முகர்ந்தாலும் கையில் தெரியும். தண்ணீரைவிட லேசானது என்பதால் மிதக்கும். ஆனால் இழுவிசையில் புலியான இந்த நூல், உரசலில் பூனை. பாறையிலோ மதகின் சிமென்ட் விளிம்பிலோ உரசினால் நூல் நூலாகப் பிரிந்து அறுந்துவிடும். கையில் சுற்றி இழுத்தால் விரலையே வெட்டும்.

3. ஃப்ளூரோகார்பன்: பார்க்க நைலான் மாதிரியே இருக்கும், விலை பல மடங்கு. ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971-ல் கொண்டுவந்தது. தண்ணீருக்குள் ஒளியை வளைக்கும் தன்மை தண்ணீருக்கு 1.33 என்றால் இதற்கு 1.42; நைலானுக்கு 1.5-க்கும் மேல். அதனால் தெளிந்த தண்ணீரில் மீனின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கனமானது, சீக்கிரம் மூழ்கும், உரசலைத் தாங்கும். ஆனால் விறைப்பானது, புதியவர் கையில் ரீலிலிருந்து சுருள் சுருளாகத் துள்ளி வெளியே வந்து சிக்கிக்கொள்ளும்.

நம் தண்ணீருக்கு எது?

‘கண்ணுக்குத் தெரியாத நரம்பு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஃப்ளூரோகார்பன் வாங்கும் முன், ஒரு டம்ளர் வைகைத் தண்ணீரை எடுத்துப் பாருங்கள். அணையில் திறந்துவிட்ட தண்ணீர் செம்மண் கரைசலாக வரும். கண்மாய்த் தண்ணீரோ களிமண் கலங்கல். அந்தக் கலங்கலில் மீன் இரையைத் தேடுவது பெரும்பாலும் வாசனையாலும் அசைவாலும்தான். அங்கே நரம்பு தெரிகிறதா, தெரியவில்லையா என்பது பெரிய பிரச்னையே இல்லை.

நம் பக்கம் நரம்புக்கு எதிரிகள் வேறு. முதலாவது, ஆற்றுக்குள்ளும் கண்மாய்க்குள்ளும் முளைத்து நிற்கும் சீமைக் கருவேல மரங்களும், வெட்டியபின் தண்ணீருக்கடியில் நிற்கும் அவற்றின் அடிக்கட்டைகளும். இரண்டாவது, ஆகாயத்தாமரை. மூன்றாவது, தடுப்பணை, மதகு ஆகியவற்றின் சொரசொரப்பான சிமென்ட் விளிம்பு. உரசலைத் தாங்க வேண்டும், சிக்கினால் பொறுமையாக எடுக்க வேண்டும், வெட்டி இழுத்தால் நீள வேண்டும். இந்த மூன்றுக்கும் சேர்த்துக் குறைந்த விலையில் கிடைப்பது நைலான் நரம்புதான்.

மூங்கில் கம்பில் தூண்டில் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கம்பில் ரீல் கிடையாது. மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க நூல் இல்லை. கம்பின் வளைவும் நரம்பின் நீட்சியும்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். நீளாத பின்னல் நூலை மூங்கில் கம்பில் கட்டினால், பெரிய மீன் ஒரு வெட்டு வெட்டியதும் முள் நிமிரும். இல்லாவிட்டால் மீனின் வாய் கிழியும்.

பாக்கெட்டில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

ஸ்பூலின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தடிமன், மில்லிமீட்டரில். இன்னொன்று எவ்வளவு எடையில் அறுந்துபோகும் என்பது. கிலோவிலோ பவுண்டிலோ இருக்கும். ‘எல்பி’ என்று போட்டிருந்தால் பவுண்டு. ஒரு பவுண்டு ஏறக்குறைய 450 கிராம். 10 பவுண்டு என்றால் நாலரை கிலோ.

நல்ல தரமான நைலான் நரம்புக்குத் தோராயக் கணக்கு இது:

• 0.20 மி.மீ. – சுமார் 6 பவுண்டு (2.7 கிலோ)
• 0.25 மி.மீ. – சுமார் 8 பவுண்டு (3.6 கிலோ)
• 0.30 மி.மீ. – 10 முதல் 12 பவுண்டு (4.5 – 5.4 கிலோ)
• 0.35 மி.மீ. – சுமார் 14 பவுண்டு (6.3 கிலோ)
• 0.40 மி.மீ. – சுமார் 17 பவுண்டு (7.7 கிலோ)

தடிமன் இரண்டு மடங்கானால் வலு இரண்டு மடங்கு அல்ல. மூன்று, நான்கு மடங்கு வரை கூடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதனால் 0.20 மி.மீ. நரம்பில் 15 கிலோ தாங்கும் என்று அச்சடித்திருந்தால், அந்த நைலானை அங்கேயே வைத்துவிடுங்கள். எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்பது இந்தச் சந்தையில் சகஜம். இரண்டு எண்களில் தடிமனை நம்புங்கள்.

‘மூணு கிலோ மீனுக்கு மூணு கிலோ நரம்பு’ என்றும் கணக்குப் போட வேண்டாம். தண்ணீருக்குள் மீனுக்கு எடையே தெரியாது. அதன் இழுவையும் வெட்டும்தான் பிரச்னை. அதே மீனை நரம்பைப் பிடித்துக் கரைக்குத் தூக்கும்போது முழு எடையும் நரம்பில் இறங்கும். நிறைய மீன்கள் அறுத்துக்கொண்டு போவது அந்தக் கடைசி நொடியில்தான். கைவலை ஒன்று கூடவே இருந்தால் அந்தக் கவலை இல்லை.

எந்த இடம், எந்த மீன், எந்த நரம்பு?

“அண்ணே, மீன் பிடிக்கிற நரம்பு ஒண்ணு குடுங்க” என்றால், விவரமான கடைக்காரர் முதலில் கேட்பது, “எங்க தம்பி போடப்போறீக, கண்மாய்க்கா டேமுக்கா?” என்பதுதான். அது சரியான கேள்வி.

வாய்க்கால், ஆற்றோரம்: ஜிலேபி, கெண்டை, சின்னக் கெளுத்தி. கால் கிலோ, அரை கிலோதான் அதிகம். மூங்கில் கம்பு, தக்கை, மண்புழு, 0.20 முதல் 0.25 மி.மீ. நரம்பு. இதைவிடத் தடிமனாகப் போட்டால் தக்கை சரியாக நிற்காது. இரை தண்ணீரோடு இயல்பாக நகராது.

கண்மாய்: கெளுத்தியும் விராலும் இருக்கும் இடம். இரண்டுமே கடித்ததும் செடிக்குள் ஓடும். 0.30 முதல் 0.35 மி.மீ. வேண்டும். விராலுக்குப் பல்லும் உண்டு. ரப்பர் தவளை போட்டு விரால் பிடிப்பவர்கள் 30, 40 பவுண்டு பின்னல் நூல் போடுவார்கள். ஆகாயத்தாமரைக்குள் புகுந்த விராலைச் செடியோடு சேர்த்து இழுக்க அதுதான் லாயக்கு. ஆனால் அது இரண்டாம் வருடப் பாடம்.

வைகை அணை போன்ற நீர்த்தேக்கம்: கட்லா, ரோகு இரண்டும் பல கிலோ வளரும் மீன்கள். ரீல் இல்லாமல் அங்கே கதையாகாது. 0.35 முதல் 0.40 மி.மீ. நரம்பு, ரீலில் குறைந்தது 100 மீட்டர்.

அயிரை: குழம்புக்காகக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையின் அடையாளமான அந்தக் குட்டி மீனுக்கு நரம்பு வேண்டாம். சந்தைக்குப் போய்விடுங்கள்!

முதன்முறை போகிறவர் எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. 0.30 மி.மீ. நைலான் ஒரு ஸ்பூல், 0.25 மி.மீ. நைலான் ஒரு சின்ன ஸ்பூல். இரண்டு போதும். இரண்டாவது எதற்கு என்பதுதான் அடுத்த விஷயம்.

எங்கே அறுந்து போகணும்? நீங்களே முடிவு செய்யுங்கள்

எவ்வளவு நல்ல நரம்பு போட்டாலும், கருவேலக் கட்டையில் முள் மாட்டினால் ஒருநாள் அறுந்துதான் ஆகும். எந்த இடத்தில் அறுகிறது என்பதுதான் கேள்வி. ஒரே நரம்பை ராடிலிருந்து முள் வரை கட்டியிருந்தால், எங்கே பலவீனமோ அங்கே அறுந்துபோகும். அது உங்கள் கைப்பக்கமாக இருந்தால் 20, 30 மீட்டர் நைலான் தண்ணீருக்குள் போய்விடும்.

அனுபவசாலிகள் செய்வது இது. மெயின் நரம்பு 0.30 மி.மீ. அதன் நுனியில் சுவிவல் எனப்படும் சின்ன சுழல் வளையம். வளையத்துக்கு அந்தப் பக்கம், ஒரு முழத்துக்கு 0.25 மி.மீ. நரம்பு கட்டி, அதில் முள். இதை ‘லீடர்’ என்பார்கள். எங்காவது மாட்டி இழுக்கும்போது மெலிசான இந்த முழ நரம்புதான் அறுந்துபோகும். தக்கையும் மெயின் நரம்பும் உங்களோடு திரும்பி வந்துவிடும். தண்ணீரில் தங்குவது ஒரு முள்ளும் ஒரு முழமும் மட்டுமே.

மாட்டிக்கொண்ட நரம்பை இழுக்கவும் ஒரு முறை உண்டு. ராடை வளைத்து இழுத்தால் ராடு முறியும். கையில் சுற்றி இழுத்தால் கை அறுபடும். ஒரு குச்சியில் நரம்பைச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, நேராகப் பின்னால் இழுங்கள். அறுந்த வேகத்தில் ஈயக்குண்டு முகத்தை நோக்கிப் பறந்து வரும். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் முதலில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

முடிச்சுதான் பலவீனமான இடம்

பாக்கெட்டில் 10 பவுண்டு என்று இருந்தாலும், சாதாரண முடிச்சு போட்டால் அந்த வலுவில் பெரும்பகுதி போய்விடும். நைலானுக்கு ஒரே ஒரு முடிச்சு கற்றுக்கொண்டால் போதும். நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழையுங்கள். நுனியை மெயின் நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். பிறகு காதை ஒட்டியிருக்கும் சின்ன வளையத்தில் நுழைத்து, அதனால் உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் நுழையுங்கள். எச்சிலோ தண்ணீரோ தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இழுத்து இறுக்குங்கள்.

ஈரமாக்குவதை விட்டுவிடாதீர்கள். உலர்ந்த நைலானை வேகமாக இறுக்கினால் உரசல் சூட்டில் அந்த இடம் வலுவிழந்துவிடும். ‘முடிச்சுலயே அறுந்துபோச்சு’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்புறம், ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நெரிக்காதீர்கள். ஈயம் நஞ்சு. சின்னக் குறடு ஒன்று பையில் இருக்கட்டும்.

ரீல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு குறிப்புகள். ஸ்பூலின் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. இடம் விட்டு நரம்பைச் சுற்றுங்கள். வழிய வழியச் சுற்றினால் கொத்தாகக் கழன்று சிக்கும். அடுத்து ‘டிராக்’. மீன் பலமாக இழுத்தால் ரீல் தானாக நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு அது. நரம்பின் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடையே அதை வைக்க வேண்டும். 0.25 மி.மீ. லீடருக்கு இது ஏறக்குறைய ஒரு கிலோ. வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டித் தொங்கவிடுங்கள். ரீல் மெதுவாக விட்டுக்கொடுக்கத் தொடங்கினால் சரி.

எப்போது மாற்றுவது?

நரம்பின் கடைசி இரண்டு மீட்டரை இரு விரல்களுக்கு நடுவே உருவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டுப்பட்டால் அந்த நீளத்தை வெட்டிவிட்டு முடிச்சை மறுபடி போடுங்கள். ஒவ்வொரு பெரிய மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு முறை கட்டையில் மாட்டி எடுத்த பிறகும் இதைச் செய்யலாம். மதுரை வெயிலில் பைக்கின் முன்னாலோ மொட்டை மாடியிலோ ராடைப் போட்டு வைக்காதீர்கள். நிறம் மங்கி, வளைத்தால் வெடவெடவென்று இருக்கும் நரம்பை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

வெட்டிய நரம்பை என்ன செய்வது?

நைலான் மக்காது. கரையில் வீசிய ஒரு சுருள், பல தலைமுறைக்கு அங்கேயே கிடக்கும். கண்மாய்க்கு வரும் நாரைக்கும் கொக்குக்கும் அது கண்ணுக்குத் தெரியாத சுருக்குக் கயிறு. காலில் சிக்கினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். சிறகில் சிக்கினால் பறக்க முடியாமல் பட்டினியில் சாகும். மேயும் ஆடு மாடுகள் புல்லோடு சேர்த்து விழுங்கும் ஆபத்தும் உண்டு. காற்றாடி விடும் நைலான் மாஞ்சா நூலுக்கு 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை விதித்தது. மனிதர்களையும் பறவைகளையும் அது அறுத்ததுதான் காரணம். தூண்டில் நரம்பும் அதே குடும்பத்துச் சரக்குதான். கையாளும் விதத்தில்தான் வித்தியாசம்.

மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே இருக்கிறது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். அங்கே வரும் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகச் சுற்றியிருக்கும் கிராமத்து மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. தீபாவளியையே விட்டுக்கொடுப்பவர்கள் இருக்கும் வட்டாரத்தில், ஒரு முழம் நரம்பைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது பெரிய தியாகம் இல்லை. மூடியுள்ள பழைய டப்பா ஒன்றை எடுத்துப் போங்கள். வெட்டிய நரம்பை எல்லாம் அதில் போடுங்கள். வீட்டில் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் சேருங்கள். கொளுத்த வேண்டாம், அந்தப் புகை கெடுதல்.

கிளம்பும் முன்...

• கண்மாய்களில் பெரும்பாலும் மீன்பாசி ஏலம் விட்டிருப்பார்கள். ஏலம் எடுத்தவரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். அணைப் பகுதியில் மீன்வளத்துறை அனுமதி பற்றி முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

• வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. எச்சரிக்கை வந்துவிட்டால் ஆற்றுப் பக்கமே போகக் கூடாது.

• மணல் அள்ளிய குழிகள் தண்ணீர் நிறைந்தால் வெளியே தெரியாது. முழங்கால் ஆழம் என்று நினைத்து இறங்கும் இடத்தில் ஆளையே மூழ்கடிக்கும் பள்ளம் இருக்கலாம். மாட்டிய முள்ளை எடுக்க ஒருபோதும் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். குழந்தைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

• கார்பன் ராடில் மின்சாரம் பாயும். தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராடை வீசுங்கள்.

• நகருக்குள் சாக்கடை கலக்கும் இடத்தில் பிடித்த மீன் குழம்புக்கு வேண்டாம். ஊருக்கு மேற்கே, நல்ல தண்ணீர் ஓடும் இடமாகப் பாருங்கள்.

கரையோரம் கம்பை ஊன்றி, தக்கையைப் பார்த்தபடி உட்காரும் ஒரு மணி நேரத்தில் செல்போனை எடுக்கக்கூடத் தோன்றாது. மீன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். 0.30-ல் மெயின் நரம்பு, 0.25-ல் ஒரு முழம் லீடர், ஈரமாக்கி இறுக்கிய முடிச்சு, மூடியோடு ஒரு டப்பா. இந்த நான்கும் இருந்தால், தப்பித்துப் போன மீன்கூட முழங்கணக்கில் நைலானை இழுத்துக்கொண்டு போகாது.